ஜாம் போட்ட ஜின்: வீட்டில் முதல்முறை கலக்குபவர்களுக்கு

காக்டெயில் என்றாலே வரிசையாகப் பாட்டில்கள், விதவிதமான சிரப், பளபளக்கும் ஷேக்கர் எல்லாம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பலர் தொடங்குவதே இல்லை. ஒரு நல்ல பழக் காக்டெயிலுக்கு மது, பழம், இனிப்பு, புளிப்பு ஆகிய நான்கும் இருந்தால் போதும். இதில் பழத்தையும் இனிப்பையும் ஒரே கரண்டியில் தருகிற பொருள் பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் ஜாம். மூன்றாவதாக இன்னொரு வேலையும் அது செய்யும். ஜாமைக் கெட்டியாக்குகிற, பழத்தில் இருக்கும் பெக்டின் என்ற பொருள், குலுக்கும்போது பானத்துக்குக் கொஞ்சம் வழவழப்பையும் மேலே மெல்லிய நுரையையும் கொடுக்கும். வெறும் சர்க்கரைப் பாகு ஊற்றிச் செய்தால் இது வராது.

இது புதிதாகக் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. லண்டன் சவாய் ஓட்டலில் மது கலந்துகொண்டிருந்த ஹாரி கிராடாக் 1930இலேயே ஆரஞ்சு மார்மலேடு (தோலும் சேர்த்துச் செய்கிற ஜாம்), எலுமிச்சை, ஜின் மூன்றையும் சேர்த்த ஒரு கலவையை அச்சில் கொடுத்துவிட்டார். அதே ஊரில் 1990களில் சால்வதோரே கலாப்ரேசே என்பவர், மனைவி காலையில் ரொட்டியில் தடவிக் கொடுத்த மார்மலேடைச் சுவைத்த பிறகு ‘பிரேக்ஃபாஸ்ட் மார்ட்டினி’ என்ற ஒன்றை உருவாக்கினார். ஜின், ஆரஞ்சு லிக்கர் (ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது), எலுமிச்சை, ஒரு கரண்டி மார்மலேடு. இன்றைக்கு உலகம் முழுக்க நல்ல பார்களில் அது கிடைக்கிறது. நாம் இங்கே செய்யப்போவது அதைவிட எளிது. அந்த ஆரஞ்சு லிக்கர் கூட வேண்டாம்.

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இங்கே கிடைக்கிற பழம், இங்கே அடிக்கிற வெயில், இங்கே கடையில் இருக்கிற பாட்டில், இவற்றுக்குத் தக்க அளவுகள்தான் கீழே வருபவை.

தொடங்கும் முன் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. இந்தக் கட்டுரையும் அவர்களுக்கானது இல்லை. கர்ப்பிணிகள், கல்லீரல் பிரச்சினை இருப்பவர்கள், சர்க்கரைக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள், மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாடிக் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் மதுவைத் தொட வேண்டாம். மது இல்லாமல் இதே பானத்தைச் செய்யும் முறையையும் பின்னால் கொடுத்திருக்கிறேன், அதையும் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறேன். இந்த மண்ணில் மதுவை வேண்டாம் என்று சொன்ன வரலாறு நீண்டது. ராஜாஜி முதல்வராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று, மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். அப்போது நாமக்கல்லும் அதற்குள் இருந்தது. அதனால் குடிக்காத வீடு, குடிக்காத விருந்தாளி என்பது இங்கே மிக இயல்பு. அவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள், கேலியும் பேசாதீர்கள்.

ஜின் வாங்குவது

ஜின் என்பது ஜூனிபர் என்ற ஊசியிலைச் செடியின் காயை முக்கிய வாசனையாகக் கொண்ட சாராயம். அந்தக் காயில் பைன் மரத்தின் வாசனையும் லேசான எலுமிச்சைக் குணமும் இருக்கும். அதற்கு அடுத்தபடியாக அநேகமாக எல்லா ஜின்னிலும் சேர்வது நம் கொத்தமல்லி விதை. ஆரஞ்சுத் தோல், ஏலக்காய் ஆகியவையும் பல ஜின்களில் உண்டு. பழமும் எலுமிச்சையும் ஜின்னோடு இவ்வளவு எளிதாகச் சேர்ந்துபோவதற்குக் காரணம் இதுதான். பிராந்தியிலும் ரம்மிலும் ஜாம் போட்டுப் பார்க்கலாம், ஆனால் அவற்றின் மரப்பீப்பாய் வாசமும் கருகின இனிப்பும் மென்மையான பழ மணத்தை அமுக்கிவிடும்.

நம் ஊர்ப் பக்கம் டாஸ்மாக்கில் பிராந்திக்குத்தான் ஓட்டம் அதிகம், ஜின் எல்லாக் கடையிலும் இருக்காது. எலைட் கடையில் கேட்டால் கிடைக்க வாய்ப்பு கூடுதல். கடைகள் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். திருவள்ளுவர் தினம், வள்ளலார் தினம், காந்தி ஜெயந்தி போன்ற நாட்களில் விடுமுறை, அதற்கு ஏற்பத் திட்டமிடுங்கள். விலை உயர்ந்த பாட்டில் வேண்டியதில்லை. ஜாமும் எலுமிச்சையும் சேரும்போது நுணுக்கமான வாசனைகள் மறைந்துவிடும் என்பதால், நடுத்தர விலையில் ‘லண்டன் டிரை’ என்ற இனிப்புச் சேர்க்காத வகை போதுமானது. ஏற்கெனவே வாசனை கூட்டி, இனிப்புச் சேர்த்து வருகிற வண்ண ஜின்களை இதற்கு எடுக்க வேண்டாம். அதன் செயற்கை வாசமும் ஜாமும் முட்டிக்கொள்ளும்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. சீல் உடையாத, லேபிள் உள்ள, உரிமம் பெற்ற கடையில் பில்லோடு வாங்கிய பாட்டிலாக இருக்க வேண்டும். ‘தெரிந்தவர் கொடுத்தார்’, ‘வேறு மாநிலத்திலிருந்து வந்தது’ என்ற கதை உள்ள எதையும் கிளாஸில் ஊற்றாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மெத்தனாலை நாக்காலும் மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது.

எந்த ஜாம்?

பானத்தின் ருசியில் பாதிக்கு மேல் இங்கேதான் முடிவாகிறது. அதனால் இதில் நேரம் செலவழியுங்கள்.

இந்தியாவில் ஒன்றை ஜாம் என்று விற்க வேண்டுமானால், கரையும் திடப்பொருள் 65 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதில் பெரும் பகுதி சர்க்கரை. ஒரு டேபிள் ஸ்பூனில் தட்டிச் சமன் செய்து எடுத்தால் ஏறக்குறைய 20 கிராம் ஜாம் வரும், அதில் 13 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். ஒரு கிளாஸ் பானத்துக்கு அந்த இனிப்பே போதும். எனவே இதில் தனியாகச் சர்க்கரை சேர்க்கிற பேச்சே கிடையாது.

கடையில் வாங்குவதென்றால் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பொருட்களின் பட்டியலில் முதல் இரண்டு இடத்துக்குள் பழத்தின் பெயர் இருக்க வேண்டும். மிக்ஸ்டு ஃப்ரூட் ஜாம் எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கும், அதை வைத்தும் செய்யலாம். ஆனால் எந்தப் பழம் என்று நாக்குக்குப் புரியாது, இனிப்பு மட்டும் முன்னால் நிற்கும். ஒரே பழத்தில் செய்த ஜாம் எப்போதும் மேல். ஊட்டி, குன்னூர் போய்வருபவர்கள் அங்கிருந்து ஸ்ட்ராபெரி, பிளம் ஜாமும் ஆரஞ்சு மார்மலேடும் வாங்கி வரலாம். குன்னூரில் தோட்டக்கலைத் துறையின் பழம் பதனிடும் நிலையமே ஜாமும் ஜெல்லியும் செய்கிறது. என் தேர்வு பிளம். இனிப்போடு சேர்ந்து தோலின் துவர்ப்பும் இருப்பதால் ஜின்னுக்கு முன்னால் நின்று பேசும்.

கொய்யா ஜாமில் பெக்டின் அதிகம், பானம் கெட்டியாகவும் வழவழப்பாகவும் வரும். கொல்லிமலை அன்னாசியில் செய்த ஜாம் கிடைத்தால் விடாதீர்கள், எலுமிச்சையோடு அது அருமையாகப் பொருந்தும். சேலத்து மாம்பழம் சாப்பிட எவ்வளவு இனிமையானதோ, ஜாமாக மாறிக் கிளாஸுக்குள் வரும்போது அவ்வளவுக்குச் சோபிப்பதில்லை. காய்ச்சியதில் மணம் போய்விடும், பானமும் மந்தமாக இருக்கும். மாம்பழத்தைப் பழமாகவே சாப்பிட்டுவிடுங்கள்.

இதையெல்லாம்விட நான் அடித்துச் சொல்வது பன்னீர் திராட்சை ஜாம். தொண்டாமுத்தூர், நரசீபுரம், மாதம்பட்டிப் பக்கத் தோட்டங்களில் விளைகிற அந்தக் கறுத்த, விதையுள்ள திராட்சைக்குத் தனி வாசனை இருக்கிறது. ஜின்னின் ஜூனிபர் வாசத்தோடு அது கலக்கும்போது இரண்டுமே கூர்மையாகும். கடையில் இந்த ஜாம் அவ்வளவாகக் கிடைக்காது, வீட்டில் செய்வது ஒரு மணி நேர வேலை.

அரைக் கிலோ பன்னீர் திராட்சையைக் காம்பு நீக்கி, நன்றாக அலசி, அடி கனமான போசியில் போடுங்கள். கால் டம்ளர் தண்ணீர் விட்டு மூடி, சிறு தீயில் பத்து நிமிடம் வேகவையுங்கள். தோல் வெடித்து, சாறு இறங்கியிருக்கும். மத்தால் கடைந்து, கண் பெரிய வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்குங்கள். விதையும் தோலும் மேலே நிற்கும். மிக்ஸியில் அடிக்கலாமே என்று தோன்றும், வேண்டாம். விதை உடைந்தால் கசப்பு இறங்கிவிடும். வடித்த சாற்றோடு 300 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சையின் சாறு சேர்த்து நடுத்தரத் தீயில் கொதிக்கவிடுங்கள். எலுமிச்சை விழுந்ததும் ஊதா நிறம் சிவப்புப் பக்கம் திரும்புவதைப் பார்ப்பீர்கள். திராட்சைத் தோலின் நிறமி புளிப்பில் அப்படித்தான் மாறும். அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள், பொங்கி மேலே வந்தால் தீயைக் குறையுங்கள்.

பதம் பார்க்க, அடுப்பைப் பற்றவைக்கும்போதே ஒரு சின்னத் தட்டை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பதினைந்து நிமிடம் கொதித்த பிறகு அந்தத் தட்டில் ஒரு சொட்டு விட்டு, அரை நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேற்பரப்பு சுருங்கினால் ரொட்டிக்கு ஏற்ற பதம். நமக்கு அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, சொட்டு ஓடாமல் மெதுவாக நகரும்போதே இறக்கிவிட வேண்டும். இளகலாக இருக்கிற ஜாம்தான் மதுவில் சீக்கிரம் கரையும். சுடுதண்ணீரில் கொதிக்கவைத்துக் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொண்டால் மூன்று வாரம் தாங்கும். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் குழந்தைகள் கேட்பார்கள், ஆகவே இரண்டு பாட்டிலாகச் செய்துவிடுவது நல்லது.

பாத்திரங்கள்

ஷேக்கர் வேண்டாம். வாய் அகன்ற, மூடி இறுக்கமான எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் இருந்தால் அதுவே ஷேக்கர். உள்ளே இரட்டைச் சுவர் உள்ள ஃப்ளாஸ்க் வகையும் வேலை செய்யும், ஆனால் வெளியே குளிர் தெரியாது என்பதால் எப்போது நிறுத்துவது என்று கையால் உணர முடியாது. டீ வடிகட்டி ஒன்று, அளக்க ஒரு மூடி. இருமல் மருந்து பாட்டிலோடு வருகிற மில்லி கோடு போட்ட மூடியைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள், அதைவிடச் சரியான அளவுகோல் வீட்டில் கிடையாது. கண்ணளவு வேண்டாம். எந்த கிளாஸானாலும் சரி, பத்து நிமிடம் முன்பே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

ஐஸ் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். பானத்தில் கால் பங்கு, ஐஸ் உருகி வருகிற தண்ணீர்தான். அதனால் நீங்கள் குடிக்கிற தண்ணீரிலேயே ஐஸ் போடுங்கள். திறந்த தட்டில் ஃப்ரீசரில் நாள்கணக்கில் கிடந்த ஐஸ், பக்கத்தில் இருக்கும் மீன், மாவு, மசாலா எல்லாவற்றின் வாசத்தையும் பிடித்துவைத்திருக்கும். முதல்நாள் இரவு புதிதாக ஊற்றி, உறைந்ததும் மூடிய டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். மீன் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் போகிற பார் ஐஸை உடைத்துப் போடுவது உடம்புக்கு ஆகாது. ஈரோடு, கரூர் வெயிலில் மேசைமேல் வைத்த ஐஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே நீராகிவிடும். எல்லாவற்றையும் அளந்து கலந்து முடித்த பிறகே ஃப்ரீசரைத் திறக்க வேண்டும். கோவையில் ஆடிக்காற்று அடிக்கிற நாளில் இவ்வளவு அவசரம் இல்லை.

கலக்கும் முறை

ஒரு ஆளுக்கு ஒரு கிளாஸ் அளவு: ஜின் 45 மில்லி, ஜாம் ஒரு டேபிள் ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 20 மில்லி, உப்பு ஒரு சிட்டிகையிலும் பாதி.

முதலில் எலுமிச்சையை மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள், பிறகு வெட்டிப் பிழியுங்கள். நம் நாட்டு எலுமிச்சை ஒன்றிலிருந்து 15 முதல் 20 மில்லி வரும், கோடையில் தோல் தடித்த காயாக இருந்தால் இன்னும் குறையும். அதனால்தான் ‘ஒரு எலுமிச்சை’ என்று சொல்லாமல் மில்லியில் சொல்கிறேன். கடைசிச் சொட்டுக்காகத் தோலைப் போட்டு நசுக்காதீர்கள், கசப்பு இறங்கும். பாட்டிலில் விற்கிற எலுமிச்சைச் சாறு இதற்கு உதவாது. சாற்றை வடிகட்டி விதையை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, எவர்சில்வர் பாட்டிலில் ஜாமைப் போட்டு அதன்மேல் எலுமிச்சைச் சாற்றை மட்டும் ஊற்றிக் கரண்டியால் நன்றாகக் கலக்குங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஐஸ் போடுவதற்கு முன்பே ஜாம் கரைந்திருக்க வேண்டும். பெக்டின் குளிர்ந்தால் இறுகும். ஐஸோடு சேர்த்துப் போட்டால் ஜாம் கட்டிகட்டியாக ஐஸில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், கிளாஸில் வெறும் புளித்த ஜின்தான் இறங்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஜாமாக இருந்தால் அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து பிறகு எடுங்கள். சாறும் ஜாமும் ஒன்றாகி, கரண்டியிலிருந்து தடையில்லாமல் வழிகிற நிலை வந்ததும் உப்பும் ஜின்னும் சேர்த்து இன்னொரு முறை கலக்குங்கள். உப்பு எதற்கு என்றால், அது கசப்பை அடக்கிப் பழ ருசியை முன்னே கொண்டுவரும். உப்புப் போட்ட லெமன் சோடா குடித்து வளர்ந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, ஐஸ். ஆறு முதல் எட்டுத் துண்டு. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும், இடம் இருந்தால்தான் நுரை வரும். மூடியை இறுக்கி, ஒரு துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, 12 முதல் 15 விநாடி வேகமாக மேலும் கீழுமாகக் குலுக்குங்கள். மெதுவாக ஆட்டினால் ஐஸ் உருகுமே தவிர நுரை வராது. வெளிப்பக்கம் பனி பூத்துக் கை வலிக்கிற அளவுக்குச் சில்லென்று ஆனதும் நிறுத்திவிடுங்கள்.

நான்காவது, ஃப்ரீசரிலிருந்து எடுத்த கிளாஸின்மேல் டீ வடிகட்டியை வைத்து ஊற்றுங்கள். பழத் துணுக்கும் ஐஸ் பொடியும் வடிகட்டியில் தங்கும். அடைத்துக்கொண்டால் கரண்டியால் லேசாகத் தட்டினால் போதும், அழுத்தித் தேய்க்க வேண்டாம். பன்னீர் திராட்சையாக இருந்தால் மாணிக்க நிறத்தில், மேலே இளஞ்சிவப்பு நுரையோடு வந்து நிற்கும். அலங்காரத்துக்கு ஒரு சீவல் எலுமிச்சைத் தோலைப் பிதுக்கி, அதன் எண்ணெய் மேலே தெளிக்கும்படி விட்டால் மணம் தூக்கும். குடை, செர்ரி எதுவும் வேண்டியதில்லை.

ருசி பார்த்துத் திருத்துவது

ஜாமுக்கு ஜாம் இனிப்பு மாறும், எலுமிச்சைக்கு எலுமிச்சை புளிப்பு மாறும். ஆகவே அளவு என்பது தொடக்கம் மட்டுமே, கடைசி முடிவு நாக்கில்தான். குலுக்குவதற்கு முன் ஒரு துளி எடுத்துச் சுவையுங்கள். அந்த நேரத்தில் இனிப்பும் புளிப்பும் இரண்டுமே சற்றுத் தூக்கலாகத் தெரிய வேண்டும், ஐஸ் தண்ணீர் சேர்ந்த பிறகு இரண்டும் இறங்கிவிடும். குளிர்ச்சியில் இனிப்பு இன்னும் மங்கும்.

திருப்பூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரருக்குக் கடை ஜாமில் கலந்து கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, “இனிப்பு ஏறிப்போச்சுங்க மச்சான்” என்பார். பெரும்பாலும் வருகிற புகாரே இதுதான். ஒரு டீ ஸ்பூன் எலுமிச்சைச் சாறு கூடுதலாக விட்டால் சரியாகிவிடும். புளிப்பு மிஞ்சினால் அரை டீ ஸ்பூன் ஜாமை ஒரு ஸ்பூன் வெந்நீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும், நேராகப் போட்டால் குளிர்ந்த பானத்தில் கரையாது. தண்ணீராக இருக்கிறது என்றால் ஐஸ் பாதி உருகியிருந்திருக்கும், அடுத்த முறை ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்துப் போடுங்கள். காரமாக, தொண்டையில் இறங்கும்போது எரிகிறது என்றால் குலுக்கியது போதவில்லை.

நீளமான கிளாஸில்

வெயில் காலத்தில் எனக்கு இதுவே பிடிக்கும். பெரிய டம்ளரில் புதிய ஐஸ் நிரப்பி, குலுக்கிய பானத்தை வடித்து, மேலே 90 மில்லி குளிர்ந்த சோடாவை ஓரமாக ஊற்றி ஒரே ஒரு முறை கரண்டியை விட்டுத் தூக்குங்கள். சோடாவை எக்காரணம் கொண்டும் பாட்டிலுக்குள் ஊற்றிக் குலுக்காதீர்கள், மூடி தெறித்துவிடும். சாதா சோடாவுக்குப் பதில் பன்னீர் சோடா ஊற்றினால் ரோஜா வாசம் வரும். ஸ்ட்ராபெரி ஜாமோடு அது நன்றாகச் சேரும், ஆனால் அதிலேயே சர்க்கரை இருப்பதால் ஜாமை ஒரு டீ ஸ்பூன் குறைத்துவிடுங்கள்.

டானிக் வாட்டரும் அப்படித்தான், சர்க்கரை உள்ளது, ஜாமைக் குறைக்க வேண்டும். அதன் கசப்பு குயினைனால் வருவது. குயினைன் சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படுகிற மலேரியா மருந்து. நமக்கு மிகப் பக்கத்திலேயே, நீலகிரியில், 1860களில் ஆங்கிலேயர்கள் சின்கோனாவைப் பயிரிடத் தொடங்கினார்கள். நடுவட்டத்தில் அதற்குத் தொழிற்சாலையே இருந்தது. வால்பாறைக்கு மேலே சின்கோனா என்ற பெயரில் இன்றும் ஓர் ஊர் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து மலையேறியவர்கள் பலரும் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். ஆரஞ்சு மார்மலேடு போட்டு டானிக் ஊற்றினால் கசப்போடு கசப்பு சேர்ந்து, பெரியவர்களுக்கான ருசி ஒன்று கிடைக்கும். இனிப்பு பிடிக்காதவர்களுக்கு இதைக் கொடுங்கள்.

ஜாம் பாட்டில் தீரும்போது

பாட்டில் அடியிலும் ஓரங்களிலும் ஒட்டிக்கொண்டு, கரண்டிக்கு வராமல் கொஞ்சம் ஜாம் மிச்சமிருக்குமே, அது சரியாக ஒரு கிளாஸுக்கு ஆகும். எலுமிச்சைச் சாற்றை நேராக அந்த பாட்டிலிலேயே ஊற்றி, மூடிச் சுழற்றி, ஓரமெல்லாம் கழுவி இறக்குங்கள். பிறகு ஜின், ஐஸ். அதையே மூடிக் குலுக்கலாம். விரிசல் இல்லாத தடித்த கண்ணாடியாக இருக்க வேண்டும், துண்டு சுற்றித்தான் பிடிக்க வேண்டும். வெந்நீரில் கழுவிய சூட்டோடு ஐஸ் போட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும், கவனம்.

மது இல்லாமல்

வெறுமனே ஜினை மட்டும் விட்டுவிட்டால் சர்பத் ஆகிவிடும். ஜின் கொடுக்கிற வாசனைக்கு மாற்று வேண்டும். அரை டீ ஸ்பூன் கொத்தமல்லி விதை, ஒரு ஏலக்காய், இரண்டு மிளகு மூன்றையும் ஒன்றிரண்டாகத் தட்டி, 60 மில்லி கொதிநீரில் போட்டுப் பத்து நிமிடம் மூடிவையுங்கள். வடித்து நன்றாக ஆறவிடுங்கள். ஜினுக்குப் பதிலாக இதில் 45 மில்லி, மற்றதெல்லாம் அதே அளவு, அதே முறை. மேலே டானிக் ஊற்றினால் அந்தக் கசப்பு மதுவின் இடத்தை ஓரளவு நிரப்பும். வண்டி ஓட்டப்போகிறவர்கள், பெரியவர்கள், மது வேண்டாம் என்றவர்கள் எல்லாருக்கும் அதே போன்ற கிளாஸில் கொடுங்கள்.

கூடச் சாப்பிட, அளவாகக் குடிக்க

வெறும் வயிற்றில் வேண்டாம். பள்ளிபாளையம் சிக்கன் இதற்குப் பிறந்த ஜோடி. வரமிளகாயின் காரமும் தேங்காய்ப் பல்லின் இனிப்பும் ஒரு பக்கம், சில்லென்ற புளிப்பும் பழமும் ஒரு பக்கம். சைவம் என்றால் வேகவைத்த கடலைக்காயில் சின்ன வெங்காயம், எலுமிச்சை போட்டுக் கலந்தது, அல்லது சேலத்துத் தட்டுவடை செட். இனிப்புப் பலகாரம் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

இந்தப் பானத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது, அது அதன் ருசிதான். இந்தியாவில் விற்கிற பெரும்பாலான ஜின்னில் ஆல்கஹால் 42.8 விழுக்காடு. 45 மில்லியில் சுமார் 15 கிராம் சுத்த ஆல்கஹால். குலுக்கி வடித்த சிறு கிளாஸ், ஒயினைவிடக் கடுமை. சோடா ஊற்றி நீட்டினாலும் பல பியர்களைவிட அதிகம்தான். ஜாமும் எலுமிச்சையும் அதை நாக்குக்குத் தெரியாமல் மறைத்துவிடுவதால் ஜூஸ் குடிக்கிற வேகத்தில் குடித்துவிடுவார்கள். ஒரு ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் நேரம் விட்டு இரண்டாவது, அதோடு நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு சொம்பு தண்ணீர். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம், முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ சிறையோ உண்டு. ஒரே கிளாஸில் அந்த அளவைத் தொட்டுவிடுபவர்களும் உண்டு. அதனால் குடித்தவர் கையில் சாவி இருக்கக் கூடாது, பைக் சாவியும்தான்.

நான்கு பேருக்கு

விருந்தாளிகள் வரும்போது ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருக்க முடியாது. ஒரு 180 மில்லி பாட்டில் ஜின் சரியாக நான்கு கிளாஸுக்கு ஆகும். அதற்கு 80 கிராம் ஜாம், 80 மில்லி எலுமிச்சைச் சாறு, கால் டீ ஸ்பூன் உப்பில் பாதி. ஜாமையும் சாற்றையும் கரைத்து, வடிகட்டி, ஜின் சேர்த்து ஒரு பாட்டிலில் ஊற்றி மாலையிலேயே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஆட்கள் வந்ததும் பாட்டிலை ஒரு முறை கவிழ்த்து நிமிர்த்தி, தலைக்கு 80 மில்லி ஊற்றி ஐஸ் போட்டுக் குலுக்கிக் கொடுத்தால் போதும். எலுமிச்சைச் சாறு மறுநாள் ருசி மாறிவிடும் என்பதால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். மிச்சமாகிற ஜின்னை மூடி இறுக்கிக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், முடிந்தால் பூட்டி வையுங்கள். அது கெட்டுப்போகாது.